டொக்டர் என்னும் சொல்லின் கதை

ஆங்கிலத்தில் ஓரெழுத்துத்தானும் படியாத கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் சில உண்டு. பஸ், றேடியோ, லைற் என்று எண்ணிக்கொண்டு போனால், அந்த வரிசையிலே 'டொக்டர்' என்னும் சொல்லும் தவறாது இடம்பெறும். தமிழகத்தார் டாக்டர் என்பர். யாழ்ப்பாணத்தார் டொக்டர் என்பர். பழைய தலைமுறையினர் 'டாக்குத்தர் ஐயா' என்று மரியாதையும் சேர்த்து அழைப்பர். இத்தனை தூரம் நம்மோடு கலந்துவிட்ட இச்சொல்லின் பொருள் யாது என்று கேட்டால், 'வருத்தத்துக்கு மருந்து தருபவர்' என்பதே எவரும் சொல்லும் விடையாயிருக்கும்.

அவ்விடை பிழையன்று. ஆனால் இச்சொல் பிறந்த இடத்திலே அதற்கும் மருந்துக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. அது எங்கே பிறந்தது, எப்படி மருத்துவரிடம் வந்து சேர்ந்தது, வரும் வழியிலே எதை இழந்தது என்று பார்ப்பது சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ளோருக்கு மட்டுமன்றி, மருந்துப் போத்தலும் கையுமாக வாழும் நம்மவர் அனைவருக்கும் பயன் தரும்.

கற்பிப்பவர்

இலத்தீன் மொழியிலே 'டொக்கேரே' என்றால் கற்பித்தல். கற்பிப்பவர் 'டொக்டர்'. அவ்வளவுதான். உரோமாபுரியிலே ஒருவரை டொக்டர் என்று அழைத்தால், அவர் ஓர் ஆசிரியர் என்பதே பொருள்.

இதே வேரிலிருந்து பிறந்த வேறு சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. 'டொக்ட்றின்' என்பது கற்பிக்கப்படும் கோட்பாடு. இன்று பத்திரம் என்ற பொருளில் வழங்கும் 'டொக்கியுமென்ற்' என்பது முதலிலே பாடம், சான்று என்ற பொருளுடையதாயிருந்தது. 'டொசைல்' என்பது கற்பித்தால் ஏற்றுக்கொள்ளக்கூடியவன் என்று பொருள்பட்டது. ஆசிரியர், பாடம், மாணாக்கன் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்களாயிருந்தன என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியிற் சொன்ன 'டொசைல்' என்ற சொல் பின்னர் மீண்டும் வரும்.

ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு மொழி வழியாக 'டொக்டர்' ஆங்கிலத்துள் நுழைந்தது. அப்பொழுது அது குறித்தது கிறிஸ்தவ சமயத்துப் பேராசான்களை. அம்புரோஸ், அகஸ்தீன், ஜெரோம், கிரெகரி ஆகிய நால்வரையும் மேலைத் திருச்சபையின் டொக்டர்கள் என்று போற்றினர். நம் சமய மரபிலே 'ஆசாரியர்' என்னும் சொல் எத்தகைய இடத்தைப் பெற்றிருக்கிறதோ, ஏறத்தாழ அத்தகைய இடமே அது.

அதே காலத்தில் ஐரோப்பாவிலே பல்கலைக்கழகங்கள் வளர்ந்துகொண்டிருந்தன. இத்தாலியிலுள்ள பொலோஞாவிலே சட்டம் கற்றுத் தேர்ந்து, பிறருக்குக் கற்பிக்கும் தகுதி பெற்றவர் டொக்டர் எனப்பட்டார். சமய நூல், சட்டம், மருத்துவம் ஆகிய உயர் துறைகளிலே இப்பட்டம் வழங்கப்பட்டது. ஆகவே மருத்துவத்திலே டொக்டர் என்பவர் மருத்துவத்தைக் கற்பிக்கத் தகுதி பெற்றவர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கிலக் கவி சோசர் தம் கதைமாந்தருள் ஒரு மருத்துவரை அறிமுகம் செய்யும்போது, வெறுமனே 'டொக்டர்' என்று சொல்லாமல் 'மருத்துவத்தில் டொக்டர்' என்று விரித்தே சொன்னார். தனித்து நின்ற சொல் அக்காலத்திலே மருத்துவரை மட்டும் குறிக்கவில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

அட்டையும் அம்பட்டரும்

அப்படியானால் அதற்கு முன் ஆங்கிலேயர் மருத்துவரை எப்படி அழைத்தனர்? பழைய ஆங்கிலத்திலே மருத்துவரின் பெயர் 'லீச்'. இரத்தம் உறிஞ்சும் அட்டையின் பெயரும் அதுவே. மருத்துவர் அட்டை விட்டுக் குருதி வாங்கியதால் இரண்டும் ஒன்றாயினவா, அன்றி இரு வேறு சொற்கள் ஒலியால் ஒன்றுபட்டனவா என்பதிலே அறிஞர் கருத்து வேறுபடுவர். எவ்வாறாயினும், தம்மை அட்டையின் பெயரால் அழைப்பதைக் காட்டிலும் டொக்டர் என்று அழைப்பதை மருத்துவர் விரும்பியதில் வியப்பில்லை.

பிற்காலத்து இங்கிலாந்திலே மருத்துவத் தொழில் மூன்று கூறாயிற்று. பல்கலைக்கழகம் சென்று நூல் கற்று, நோயை ஆராய்ந்து மருந்து எழுதிக் கொடுத்தவர் 'பிசிஷியன்'. இயற்கை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. 1518ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னன் இவர்களுக்கென லண்டனில் ஒரு கல்லூரியை நிறுவினான். டொக்டர் பட்டம் இவர்களுக்கே உரியதாயிருந்தது.

கத்தி எடுத்து அறுத்தவர் 'சேர்ஜன்'. கை என்னும் பொருளுடைய ஒரு கிரேக்கச் சொல்லும், வேலை என்னும் பொருளுடைய இன்னொரு சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் இது. கைவேலைக்காரர் என்பதே நேர்ப்பொருள். இவர்கள் பல்கலைக்கழக வாசலை மிதிக்காமல், ஒரு தொழிலாளியிடம் உதவியாளராயிருந்து வேலை பழகினர். 1540ஆம் ஆண்டு முதல் லண்டனிலே முடி திருத்துவோரும் இவர்களும் ஒரே சங்கத்தினராயிருந்தனர், 1745இலேயே பிரிந்தனர். பட்டம் பெறாத காரணத்தால் சேர்ஜன்மாரை 'மிஸ்டர்' என்றே அழைத்தனர். இன்றுங்கூட பிரிட்டனிலே இளம் மருத்துவர் ஒருவர் சத்திர சிகிச்சைக்குரிய உயர் தேர்விற் சித்தியடைந்ததும், டொக்டர் என்ற அடைமொழியைக் கழற்றிவிட்டு மீண்டும் மிஸ்டர் ஆகிவிடுகிறார். பெண்ணாயின் 'மிஸ்' அல்லது 'மிஸிஸ்' ஆகிறார். பெரிய ஆஸ்பத்திரியிலே 'டொக்டர் வரவில்லை, யாரோ ஒரு மிஸ்டர்தான் வந்து பார்த்தார்' என்று மனம் வருந்தும் நம்மவர், வந்து பார்த்தவரே பெரிய சத்திர சிகிச்சை நிபுணர் என்பதை அறிந்து ஆறுதல் அடையலாம்.

மூன்றாமவர் மருந்து கலந்து விற்ற 'அப்போதிக்கரி'. ஏழைகளும் நடுத்தர மக்களும் பெரும்பாலும் இவரையே நாடினர். இலங்கையிலும் அரசாங்க மருந்துச்சாலைகளிலே பணியாற்றியோருக்கு 'அப்போதிக்கரி' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கி வந்ததை மூத்தோர் அறிவர்.

1858ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இம்மூவரும் ஒரே பதிவேட்டின் கீழ் வந்தனர். மக்களும் வேற்றுமை பாராட்டாது, வைத்தியம் பார்க்கும் எவரையும் டொக்டர் என்றே அழைக்கலாயினர். எம்.பி.பி.எஸ். பட்டத்தின் விரிவிலே 'டொக்டர்' என்ற சொல்லே இல்லை. அஃது இளமாணிப் பட்டம். பிரிட்டனிலும் இலங்கையிலும் இந்தியாவிலும் அப்பட்டம் பெற்றோருக்கு டொக்டர் என்பது வழக்கத்தால் வந்த மரியாதைப் பெயரேயாகும். ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற பேராசிரியர்களை 'இவர் ஊசி போடுகிற டொக்டர் இல்லை' என்று நம்மவர் விளையாட்டாகச் சொல்வதுண்டு. சொல்லின் பிறப்புரிமை உண்மையில் கற்பிக்கும் அந்தப் பேராசிரியருக்கே உரியது.

சொல்லின் வீழ்ச்சி

உயர்ந்த சொற்களும் காலப்போக்கிலே கீழிறங்குவதுண்டு. 'டொக்டர்' வினைச்சொல்லாகி முதலிலே 'வைத்தியம் செய்' என்று பொருள்பட்டது. பின்னர் கலப்படம் செய், திருத்தி ஏமாற்று என்ற பொருளும் ஏறிவிட்டது. மட்டமான வைனிலே எதையாவது கலந்து நல்ல வைனாக்கினால், அதை 'டொக்டர்' செய்தார்கள் என்பர். கணக்குப் புத்தகத்தை மாற்றி எழுதினாலும் அதே சொல். பிரிட்டனிலே பூனைக்கு மலடாக்கும் சத்திர சிகிச்சை செய்வதையும் அச்சொல்லாலேயே குறிப்பர். அரசியல்வாதிகளின் செயல்களுக்குச் சாதகமாக வியாக்கியானம் செய்பவரை 'ஸ்பின் டொக்டர்' என்று அழைக்கும் வழக்கம் 1984ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தற் காலத்தில் பரவியது. ஒரு 'டொக்கியுமென்ற்' 'டொக்டர்' செய்யப்பட்டது என்று ஆங்கிலத்திற் சொல்லும்போது, பாடம் என்னும் சொல்லும் ஆசிரியர் என்னும் சொல்லும் சேர்ந்து மோசடியைக் குறிக்கும் விந்தையைக் காண்கிறோம்.

இவையெல்லாம் வேடிக்கை. உண்மையான வீழ்ச்சி வேறிடத்திலே நிகழ்ந்தது. அதைக் காண்பதற்கு நம் சொற்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வைத்தியர் என்னும் சொல் அறிவைக் குறிக்கும் 'வித்' என்னும் வடமொழி வேரிலிருந்து வந்தது. வித்தை, வேதம் ஆகியனவும் அவ்வேரின் கிளைகளே. யூனானி மருத்துவரைக் குறிக்கும் 'ஹக்கீம்' என்ற அரபுச் சொல்லுக்கு ஞானமுடையவர் என்பது பொருள். யாழ்ப்பாணத்துப் 'பரியாரி' பரிகாரம் செய்பவர். வைத்தியர் அறிந்தவர், ஹக்கீம் தெளிந்தவர், பரியாரி செய்பவர். டொக்டர் ஒருவரே, சொல்லளவில், தாம் அறிந்ததைப் பிறருக்கு அறிவிப்பவர். அந்த 'அறிவிப்பவர்' என்ற பகுதியைத்தான் காலம் தேய்த்துவிட்டது. அதனோடு கூடவே 'டொசைல்' என்ற சொல்லும் தேய்ந்தது. கற்றுக்கொள்ளக்கூடியவன் என்று பொருள்பட்ட அச்சொல், இன்று எதிர்த்துப் பேசாமல் அடங்கி நடப்பவனைக் குறிக்கிறது. ஆசிரியர் கட்டளையிடுபவரானார், மாணாக்கன் தலையாட்டுபவனானான்.

தலையாட்டிய தாயார்

இது வெறும் சொற்சிலம்பம் அன்று. லண்டனிலே மகன் குடும்பத்தோடு வாழும் ஒரு தாயாரின் கதையைக் கேட்டால் இது விளங்கும். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். இரத்த அழுத்தம் இருப்பதாகக் கண்டு ஜீ.பி. குளிசை எழுதிக் கொடுத்தார். தினமும் எடுக்க வேண்டும் என்று அவர் ஆங்கிலத்திற் சொன்னார். தாயார் தலையாட்டினார். அவருக்கு விளங்கியது 'பிரஷருக்குக் குளிசை' என்பது மாத்திரமே. தலையிடி வந்தால் பிரஷர் ஏறியிருக்கிறது என்று எண்ணிக் குளிசை போடுவார். தலையிடி இல்லாத நாட்களிலே 'ஏன் வீணாக மருந்து தின்ன வேண்டும்' என்று விட்டுவிடுவார்.

அடுத்த முறை போனபோது அழுத்தம் குறையவில்லை. குளிசை எடுக்கிறீர்களா என்று டொக்டர் கேட்டார். 'யேஸ் டொக்டர்' என்றார் தாயார். அது பொய்யன்று, அவர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார், தலையிடிக்கு. டொக்டர் அளவைக் கூட்டினார். இன்னொரு குளிசையும் சேர்த்தார். சில வாரங்களின் பின் லீவில் நின்ற மகள் வந்து, பெட்டிகளைப் பார்த்து, எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கினார். அழுத்தம் திடீரென்று தாழ்ந்து, அதிகாலையிலே எழுந்த தாயார் தலைசுற்றி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது தெய்வாதீனம்.

இங்கே குற்றவாளி யார்? டொக்டர் சரியான மருந்தையே எழுதினார். தாயார் மரியாதையாகவே நடந்தார். மகள் அன்போடுதான் கொடுத்தார். ஆனால் இரத்த அழுத்தம் என்பது பெரும்பாலும் எவ்வித நோவும் காட்டாமலே இருக்கும், தலையிடியைக் கொண்டு அதை அளக்க முடியாது என்ற ஒரேயொரு பாடம் கற்பிக்கப்படவில்லை, கற்றுக்கொள்ளப்படவும் இல்லை. டொக்டர் என்னும் சொல்லின் முதற்பொருள் அந்த அறைக்குள் இல்லாமற் போயிற்று.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. மருத்துவர் சொல்வதிலே 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளர் உடனேயே மறந்துவிடுகின்றனர் என்றும், நினைவில் நிற்பதிலும் ஏறத்தாழப் பாதி பிழையாகவே நிற்கிறது என்றும் 2003ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த ஆய்வுரை எடுத்துக் காட்டியது. நன்றாகக் கேட்டவர் நிலையே இதுவானால், அந்நிய மொழியிலே கேட்டவர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

பழையோர் கண்ட வழி

இது புதிய பிரச்சினையன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஞானி பிளேட்டோ, 'சட்டங்கள்' என்னும் தம் நூலிலே இருவகை மருத்துவரைக் காட்டுகிறார். அடிமைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் விளக்கம் கேட்கமாட்டார், சொல்லவும்மாட்டார். கொடுங்கோலன் போலக் கட்டளையிட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடிவிடுவார். சுதந்திர மனிதருக்கு வைத்தியம் பார்ப்பவரோ, நோயாளியோடும் அவர் உறவினரோடும் உரையாடி, தாமும் கற்று அவருக்கும் கற்பித்து, அவர் மனம் இணங்கிய பின்பே மருந்து கொடுப்பார். அதைக் காணும் முதல்வகை மருத்துவர், 'நீ இவருக்கு வைத்தியம் பார்க்கிறாயா, பாடம் நடத்துகிறாயா' என்று கேட்டுச் சிரிப்பார் என்றும் பிளேட்டோ எழுதுகிறார்.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். மருத்துவத்துக்கு நான்கு அங்கம் என்று வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனையே முதலில் வைத்தார். தீர்ப்பவனும் மருந்தும் பக்கத்திலிருந்து கொடுப்பவனும் அதன் பின்னரே வருகின்றனர். சரக சங்கிதை நல்ல நோயாளிக்கு நான்கு குணங்கள் வேண்டும் என்கிறது: நினைவாற்றல், சொற்படி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துரைக்கும் திறன். நம்மவரிடம் சொற்படி நடத்தல் வேண்டிய மட்டும் உண்டு. மற்ற மூன்றையும், சிறப்பாக அஞ்சாமையை, வீட்டில் விட்டுவிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

டொக்டர் என்ற சொல்லின் இரு பொருளுக்கும் உரியவராய் வாழ்ந்த ஒருவரை யாழ்ப்பாணம் கண்டிருக்கிறது. 1822இல் அமெரிக்காவிலே பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மிஷனைச் சேர்ந்த மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே இருந்து வைத்தியமும் பார்த்தார். உள்ளூர் இளைஞருக்கு மேலைநாட்டு மருத்துவத்தையும் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடிப் போய்விடுவர், தமிழிற் கற்றவரே தம் ஊராருக்கு விளங்கச் சொல்லி அங்கேயே பணிபுரிவர் என்று கண்டு, தாமே தமிழ் கற்று மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1867இல் வெளிவந்த 'இரண வைத்தியம்', 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' ஆகியன அவற்றுட் சில. தாயகம் திரும்பிய பின்பும் அப்பணியை விடவில்லை. அவர் 1884இல் காலமானார். நோயைப் பற்றித் தமிழன் தமிழிலே அறிய வேண்டும் என்று ஓர் அந்நியர் பட்ட பாடு இது.

கேட்பது மரியாதைக் குறைவன்று

சட்டமும் இப்பொழுது பழைய பொருளை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஸ்கொட்லாந்திலே நீரிழிவு நோயுள்ள ஒரு தாய்க்கு 1999இல் பிரசவம் நிகழ்ந்தது. அத்தகைய தாய்மாரின் பிரசவத்திலே குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேருக்கு உண்டு. அது அவருக்குச் சொல்லப்படவில்லை. குழந்தை பெரும் ஊறுபட்டது. 2015 மார்ச் மாதம் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அத்தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு முக்கியமான அபாயங்களையும் மாற்று வழிகளையும் அவர் அறியச் செய்வது மருத்துவரின் கடமை என்றும், விளங்காத விவரங்களைக் கொட்டிவிடுவதாலோ படிவத்திலே கையொப்பம் வாங்கிவிடுவதாலோ அக்கடமை தீராது என்றும் கூறியது.

ஆகவே டொக்டரிடம் கேள்வி கேட்பது அவரை அவமதிப்பதாகாது. அவருடைய பட்டத்துக்கு உரிய மரியாதையைச் செய்வதேயாகும். எனக்கு என்ன வருத்தம்? இந்த மருந்து எதற்கு, எவ்வளவு காலத்துக்கு? இதை எடுக்காவிட்டால் என்னாகும்? இம்மூன்றையும் வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போகலாம். எடுக்கும் குளிசைகள் அனைத்தையும், ஊரிலிருந்து வந்த சூரணம் லேகியம் உட்பட, ஒரு பையிற் போட்டுக் கொண்டுபோய்க் காட்டலாம். ஆங்கிலம் போதாதெனில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையிலே அதற்குக் கட்டணம் இல்லை. பள்ளிக்கூடத்துப் பேரப்பிள்ளையை வைத்து மொழிபெயர்ப்பது அப்பிள்ளைக்கும் நல்லதன்று, மூத்தோருக்கும் நல்லதன்று. சொல்லக் கூச்சமான வருத்தம் சொல்லப்படாமலே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. எழும்பி வருமுன், 'நீங்கள் சொன்னது எனக்கு விளங்கியபடி இது, சரியா' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்திலே ஆசிரியர் சொன்ன பாடத்தை மாணாக்கன் திருப்பி ஒப்புவித்தது போன்றதே இது. இன்றைய மருத்துவக் கல்லூரிகளிலும் இம்முறையைக் கற்பிக்கின்றனர். அரை நிமிட வேலை. பிழை இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

விழுந்து எழும்பிய அந்தத் தாயார் அடுத்த முறை மொழிபெயர்ப்பாளரோடு போனார். தலையிடி இல்லாத நாளிலும் குளிசை ஏன் என்று தாமே கேட்டார். டொக்டர் கதிரையைத் திருப்பி வைத்து, தாளிலே இரத்தக் குழாய் ஒன்றைக் கீறி, ஐந்து நிமிடம் விளக்கினார். அந்தத் தாள் இப்பொழுது சமையலறையிலே நாட்காட்டிக்குப் பக்கத்திலே ஒட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருவோரிடம், 'எங்கட டொக்டர் படிப்பிச்சுத் தந்தவர்' என்று தாயார் சொல்லிக்கொள்கிறார். இலத்தீன் அறியாத அவர், அச்சொல்லைச் சரியான பொருளிலேயே சொல்கிறார்.